ஒன்பதாம் எண் தட்டு

ஜனவரி 9

மருமகளுக்கு,

என் தம்பியை அடக்கம் செய்து ஏழு மாதமாகிறது. அவன் உடம்பில் ஒரு பகுதி இன்னும் உன் ஆய்வுக்கூடத்தில் உயிரோடு இருக்கிறது. அதை நீ என்னிடம் சொல்லவில்லை. இதுதான் நீ எனக்குச் செய்த தவறு. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிப்பாய். உன் அம்மாவைத் திட்டாதே. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து தன் போனில் உன் படத்தைக் காட்டினாள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, மைக்ராஸ்கோப் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரிக்கிறாய். கையில் ஒரு வட்டத் தட்டு. மூடியில் கறுப்பு மையில் 9 என்று எழுதியிருக்கிறது.

"என்னது அது, பவுடர் டப்பாவா?" என்று கேட்டேன்.

உன் அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. "அது அவருதான் அண்ணி" என்றாள்.

"எவரு?"

"உங்க தம்பி. அவரு கையிலேருந்து துளி தோல் எடுத்துட்டுப் போனா. அத வச்சு வளக்குறா."

வார்னிஷ் டப்பாவை மூடக்கூட இல்லாமல் எழுந்து போனேன். இரண்டு நாள் கடை திறக்கவில்லை. முப்பத்தோரு வருடமாக எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். கணவன் விட்டுவிட்டுப் போன வாரத்தில்கூடக் கடையைப் பூட்டியதில்லை.

எங்கள் அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது, எனக்குப் பதினைந்து. வளர்த்தது நான். அவன் மூச்சு நின்ற மதியம் உனக்குப் போன் செய்ததும் நான்தான். "ஒரு மணி நேரம் அத்தை, தட்டு வெளியில இருக்கு" என்றாய். "உன் அப்பனவிட உனக்குத் தட்டு பெருசா?" என்றேன். மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாய். அதற்குள் மண் காய்ந்துவிட்டது.

மூன்று கேள்வி. யார் அனுமதி கொடுத்தது? அவன் இப்போது எத்தனை தட்டில் இருக்கிறான்? வேறு எந்த ஊரில் இருக்கிறான்? பதில் எதுவானாலும் என் முடிவு ஒன்றுதான். அழித்துவிடு. போனவன் முழுசாகப் போகட்டும்.

போன் செய்யாதே. நீ அழுவாய், நான் கத்துவேன், ஒரு விஷயமும் நகராது. பேப்பரில் எழுது.

என் முழங்கால் பழையபடிதான். உன் இருமல் நின்றதா?

அத்தை


ஜனவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இருமல் நின்றுவிட்டது. உங்கள் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது. கடைக்கு மேலே இருக்கும் சாமானையெல்லாம் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்குப் பதில்: அனுமதி கொடுத்தது அப்பா. விரல் பிடிக்காத நாளில்கூடப் பேனாவை உள்ளங்கையில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். நான் கட்டாயப்படுத்தவில்லை. "அக்காகிட்ட சொல்லாத, கத்துவா" என்று அவரே சொன்னார். சொல்லாதது தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே நாங்கள் செய்வதை உங்களுக்குப் புரியும்படி எழுதிப் பார்க்கிறேன். தோல் செல்லை எடுத்து, அதற்குத் தன் வேலையை மறக்கச் செய்வோம். தோல் என்பதையே அது மறந்து, கருவில் இருந்ததுபோல ஆகிவிடும். அதுதான் ஸ்டெம் செல். பிறகு அதை நரம்பாகவோ தசையாகவோ வளர்க்கலாம். அப்பாவின் நரம்பு ஏன் செத்துக்கொண்டே வந்தது என்று அப்பாவைத் தொந்தரவு செய்யாமல் பார்க்கலாம். அதற்காகத்தான்.

நோயாளிகளுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். ஒன்பதுக்குப் பின்னால் இருப்பது யார் என்று எனக்குத் தெரிந்திருக்கவே கூடாது. ஆனால் அந்தத் துண்டை ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் தூக்கி வந்தவளே நான். பேராசிரியருக்கு இது தெரியாது.

இப்போது அவர் ஆறு தட்டில் இருக்கிறார். வேறு நான்கு ஆய்வுக்கூடங்களுக்கும் குப்பியில் போயிருக்கிறார்.

என் பதவி வருடா வருடம் புதுப்பிக்கிற பதவி. ஒன்பதாம் எண்ணை வைத்து எழுதுகிற கட்டுரை வந்தால் செப்டம்பர் பத்தாம் தேதி மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாம். வராவிட்டால் மேசையைக் காலி செய்ய வேண்டும். அழிக்கச் சொல்லாதீர்கள் அத்தை. கெஞ்சிக் கேட்கிறேன்.

அம்மாவை வாரம் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

உங்கள் சுண்டெலி


பிப்ரவரி 12

மருமகளுக்கு,

நான் கத்துவேன் என்று அவன் சொன்னானா? சொல்லியிருப்பான். கத்தியதால்தான் அவன் பத்தாவது தேறினான்.

நலமாக இருக்கிறேன். கோபமும் நலமாக இருக்கிறது.

பழைய புத்தகக் கடையில் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் வாங்கினேன். மோட்டாரைப் பற்றியும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எரிந்துபோன ஒன்றைப் பிரித்துப் பிரித்துத்தான் கற்றேன். செல் பற்றிய பாடத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை தூக்கம் வந்தது. இரண்டாம் தடவை சந்தேகம் வந்தது. மூன்றாம் தடவை உன்மேல் இருந்த கோபத்தில் கால்வாசி போனது. முக்கால்வாசி இருக்கிறது.

டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் வருடா வருடம் கெஞ்ச வேண்டிய உத்தியோகம் என்ன உத்தியோகம்? பட்டத்துக்கு அடுத்தது வேலை என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பட்டத்துக்கு அடுத்ததும் வரிசையா?

இரண்டு சந்தேகம். தினமும் அதற்குச் சாப்பாடு போட வேண்டுமா? அதற்கு ஏதாவது தெரியுமா? வலிக்குமா? மூன்றாகிவிட்டது, இருக்கட்டும்.

முடிவில் மாற்றம் இல்லை. ஆனால் பதில் வரும்வரை எதுவும் செய்யாதே.

உன் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவன் சட்டைகளை இன்னும் மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

அத்தை


மார்ச் 3

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் என்றதும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி, "என்ன, கட்டுரையா வந்துடுச்சு?" என்று கேட்டாள்.

தினமும் ஊட்ட வேண்டும். ஞாயிறும் விடுமுறையும் அதற்குக் கிடையாது. காலை ஒன்பதரைக்கு வருவேன். இன்குபேட்டர் கதவைத் திறந்தால் முகத்தில் வெதுவெதுப்பான காற்று அடிக்கும். நம் உடம்புச் சூடுதான் அதற்குள். தட்டை எடுத்துப் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டு, ரோஜா நிறத்தில் இருக்கும் புதுத் திரவத்தை ஓரமாக விடுவேன். நடுவில் விட்டால் பெயர்ந்துவிடும். எல்லாத் தட்டுக்கும் இதையேதான் செய்கிறேன். ஒன்பதுக்கு மட்டும் "வந்துட்டேம்பா" என்று மெதுவாகச் சொல்வேன். யாருக்கும் கேட்காது.

அதற்கு எதுவும் தெரியாது. வலிக்காது.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஸ்டெம் செல் எதுவாகவும் மாறும் என்று காட்டுவதற்காக ஒரு தட்டை இதயச் செல்லாக மாற்றினேன். பன்னிரண்டாம் நாள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். துடித்தது. தட்டின் அடியில் மெல்லிய ஆடைபோல ஒட்டியிருக்கும். அது முழுக்க ஒரே நேரத்தில் சுருங்கி விரிகிறது. நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. தானாகவே துடிக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்தேன்.

கட்டுரையும் நன்றாகப் போகிறது. ஒன்பதும் பதினான்கும் வேறு வேறு நோயாளிகள். அப்படியிருந்தும் இரண்டு பேருடைய நரம்புச் செல்களும் ஒரே இடத்தில், ஒரே விதமாகப் பழுதாகின்றன. அப்படியென்றால் ஒரே மருந்து பலருக்கு உதவலாம். பேராசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று கைதட்டினார்.

சட்டைகள் அங்கேயே இருக்கட்டும் அத்தை.

சுண்டெலி


மார்ச் 20

சுண்டெலிக்கு,

அழிக்க வேண்டாம்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்து லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, "என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?" என்றார். "தம்பிக்கு இதயம் நல்லா இருக்காம்" என்றேன். அவருக்குத் தம்பி செத்தது தெரியும். போய் எனக்கு ஒரு டீ அனுப்பினார்.

உனக்குத் தெரியாத ஒன்று எழுதுகிறேன். அவன் நோயை முதலில் கண்டுபிடித்தது மருத்துவர் இல்லை, நான். என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கம்பி சுற்றுவான். காயில் கட்டும்போது சுற்று எண்ண வேண்டும். எண்ணுகிறவரிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் கணக்குப் போகும், அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து சுற்ற வேண்டும். இருபது வருடத்தில் அவன் கணக்கு விட்டதே இல்லை. ஒருநாள் மூன்று தடவை அவிழ்த்தான். நான்காம் தடவை, "அக்கா, எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. கட்டைவிரல்தான் பின்னாடி வருது" என்றான். நான் சிரித்தேன். சோம்பேறி என்றேன். அந்தச் சிரிப்புக்கு இன்னும் எனக்கு மன்னிப்பு கிடைக்கவில்லை.

ஒரு நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணி எழுது. பக்கத்தில் யாரும் பேசாதபோது எண்ணு. ஒரு படமும் அனுப்பு, போனில் வேண்டாம், காகிதத்தில்.

நான் காலை ஒன்பதரைக்கு வேலையை நிறுத்திவிட்டுக் கைகழுவுகிறேன். காரணம் கேட்காதே.

நலம். நீ ஒழுங்காகச் சாப்பிடு. அவனுக்கு மட்டும் ஊட்டினால் போதாது.

அத்தை


ஏப்ரல் 8

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். ஐம்பத்திரண்டு. மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் அதேதான். படம் உள்ளே இருக்கிறது. மடங்காமல் இருக்க அட்டை வைத்திருக்கிறேன். வெள்ளைக் கோடுகள்போலத் தெரிவதுதான் துடிக்கிற பகுதி.

அந்தச் சிரிப்பைப் பற்றி அப்பா என்னிடம் சொன்னதே இல்லை. நீங்கள் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடியதைத்தான் சொல்லியிருக்கிறார். "செருப்பு மாத்தக்கூட விடல" என்பார்.

கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டோம். செல்களின் அடையாளச் சோதனை அறிக்கை கேட்டிருக்கிறார்கள். எல்லோரிடமும் கேட்பதுதான், புதிதாக ஒன்றுமில்லை. ஆளுக்கு ஆள் மரபணுவில் சில இடங்கள் மாறும், கைரேகை மாதிரி. இரண்டு வாரத்தில் வந்துவிடும். அப்புறம் நிம்மதி.

நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். நீங்களும் மாத்திரையை விடாதீர்கள்.

சுண்டெலி


ஏப்ரல் 26

சுண்டெலிக்கு,

படம் வந்தது. கண்ணாடி போட்டு, கடையில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். ஒருவர் நிலவின் படமா என்றார். லேத்காரர் மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இவரு உயிரோட இருந்தப்ப இவ்வளவு அழகா இல்லையே" என்றார். செருப்பால் அடிப்பேன் என்றேன். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். ஜூனுக்குப் பிறகு இந்தக் கடையில் கேட்ட முதல் சிரிப்பு.

உன் அம்மாவை அழைத்து வந்து காட்டினேன். கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் அவன் சட்டைகளில் நான்கை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டாள். "அவருதான் அங்க இருக்காரே, இதெல்லாம் எதுக்கு" என்றாள்.

ஐம்பத்திரண்டு என்பதைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் மறுபடி எண்ணி எழுது. குறைந்தால் சொல்.

எனக்கு நலம். இதை உண்மையாகவே எழுதுகிறேன்.

அத்தை


மே 30

சுண்டெலிக்கு,

நலமா? ஐந்து வாரமாகிறது. தபால்காரரிடம் சண்டை போட்டேன். அவர்மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் போட்டேன்.

சோதனை இரண்டு வாரம் என்றாய். எண்ணிக்கை வரவில்லை. கட்டுரை என்ன ஆனது? ஒரு வரி போதும்.

அத்தை


ஜூன் 21

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள். ஆய்வுக்கூடத்தில் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார்கள், எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. வெயில் அதிகம். பேராசிரியர் ஒரு மாநாட்டுக்குப் போயிருக்கிறார்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். செப்டம்பர் பத்தாம் தேதி பதவிக்குக் கையெழுத்து. அம்மாவிடம் சொல்லுங்கள்.

அந்தச் செல்கள் நன்றாக வளர்கின்றன. எண்ணிக்கையைப் பிறகு எழுதுகிறேன். படத்தை நிறையப் பேரிடம் காட்ட வேண்டாம். இன்னும் அச்சில் வராத விஷயம்.

போன பதினேழாம் தேதி உங்களையும் அம்மாவையும் நினைத்துக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்டெலி


ஜூலை 9

மருமகளுக்கு,

உன் கடிதம் கையில் இருக்கிறது. சுவர் இருக்கிறது, வெயில் இருக்கிறது, பேராசிரியர் இருக்கிறார். அப்பா என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. அவனுடைய வருட நாளைப் பற்றி எழுதும்போதுகூட உங்களையும் அம்மாவையும் நினைத்தேன் என்கிறாய். அவனை நினைக்கவில்லையா? மார்ச்சில் "வந்துட்டேம்பா" என்று சொன்னவள் இப்போது "அந்தச் செல்கள்" என்கிறாய்.

மூன்று வருடப் பதவி கிடைத்தவள் எழுதுகிற கடிதமா இது? வாடகை வீட்டைக் காலி செய்கிறவள் எழுதுவதுபோல இருக்கிறது.

செத்துவிட்டானா? இன்குபேட்டர் பழுதா? கரண்ட் போனதா? எதுவாக இருந்தாலும் எழுது. அவன் வாயில் கடைசித் தண்ணீர் விட்டவள் நான். இதற்குமேல் எனக்கு என்ன பார்க்க இருக்கிறது?

அந்தச் சோதனை என்ன சொன்னது? அதற்கு மட்டும் பதில் சொல். சுற்றி வளைத்து எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்புவேன்.

நலம் கேட்கவில்லை. நீ நலமாக இல்லை என்று தெரிகிறது.

அத்தை


ஆகஸ்ட் 2

அத்தைக்கு,

அது அப்பா இல்லை.

இதை எழுத ஏழு காகிதம் கிழித்தேன். வேறு எப்படி எழுதினாலும் இங்கேயே வந்து நிற்கிறது.

சோதனை ஏப்ரல் 24ஆம் தேதி வந்தது. ஒன்பதாம் எண் தட்டில் இருப்பது பதினான்காம் எண் நோயாளியின் செல்கள். நம்பாமல் மறுபடி செய்தேன். பிறகு என் வாயிலிருந்து எச்சில் எடுத்துச் சோதித்து, தட்டோடு ஒப்பிட்டேன். மகளுக்குப் பாதி அப்பாவிடமிருந்து வந்திருக்க வேண்டும். பொருந்தவில்லை. அந்த மனிதருக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எப்போது நடந்தது என்று பழைய குறிப்பேடுகளையும், மிச்சம் வைத்திருந்த மாதிரிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பின்னாலேயே போனேன். கடந்த வருடம் ஜூன் பதினேழு. அன்று இரண்டு எண்களையும் புதுத் தட்டுக்கு மாற்றும் வேலை. பதினான்கை முடித்திருந்தேன். நடுவில் ஒரு தடங்கல் வந்தது. திரும்பி வந்தபோது எதுவரை முடித்தேன் என்பது தவறிவிட்டது. மாற்றி முடித்த பதினான்கின் புதுத் தட்டு ஒன்றில் 9 என்று எழுதிவிட்டேன். ஒன்பதின் பழைய தட்டை, மாற்றி முடித்தது என்று நினைத்துக் கழிவு வாளியில் போட்டேன். அதில்தான் அப்பா இருந்தார்.

அதற்கு முன்னால் உறைய வைத்த இரண்டு குப்பிகள் திரவ நைட்ரஜனில் இருந்தன. மே மாதம் உருக்கினேன். ஒன்றும் தட்டில் ஒட்டவில்லை. மூன்றாம் நாள் எல்லாம் செத்து மிதந்தன. தோலில் மிச்சம் எதுவும் இல்லை. மற்ற நான்கு ஆய்வுக்கூடங்களுக்குக் குப்பி போனதும் அந்த ஜூனுக்குப் பிறகுதான்.

நான் எண்ணிச் சொன்ன ஐம்பத்திரண்டு அப்பாவுடையது இல்லை. இரண்டு நோயாளிக்கும் ஒரே பழுது என்று எழுதினோமே, ஒரே பழுதாகத்தான் இருக்கும். இரண்டும் ஒரே ஆள்.

பத்திரிகைக்குப் புது அறிக்கையை அனுப்பவில்லை. ஆரம்பத்தில், அப்பா உயிரோடு இருந்தபோது எடுத்த பழைய அறிக்கையை அனுப்பினேன். அதில் எல்லாம் சரியாக இருந்தது. பேராசிரியரிடம் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. தினமும் ஒன்பதரைக்குப் போய் ஊட்டுகிறேன். எதுவும் சொல்வதில்லை.

செப்டம்பர் பத்து வந்துகொண்டிருக்கிறது. சொல்லிவிட்டால் இந்தப் பதவி மட்டும் இல்லை, இந்தத் துறையில் எனக்கு வேறு எங்கும் கதவு திறக்காது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போகலாம். நான் என்ன செய்வது என்று எனக்கே தெரியவில்லை.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள். அந்த நான்கு சட்டையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுண்டெலி


ஆகஸ்ட் 14

சுண்டெலிக்கு,

கடிதம் வந்து மூன்று நாளாகிறது. முதல் நாள் உன்னைத் திட்டினேன், உரக்க. லேத்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இரண்டாம் நாள் அந்த ஐம்பத்திரண்டை ஈரத்துணியால் துடைத்தேன். மூன்றாம் நாள்தான் தேதியைக் கவனித்தேன்.

ஜூன் பதினேழு மதியம். "ஒரு தடங்கல்" என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தடங்கல் நான்.

மூன்று தடவை அழைத்தேன். மூன்றாம் தடவை எடுத்தாய். ஒரு மணி நேரம் கேட்டாய். எண்ணிக்கொண்டிருப்பவரிடம் பேசக் கூடாது என்று ஊருக்கே சட்டம் போட்டவள், உன்னிடம் கத்தினேன். அப்பனைவிடத் தட்டு பெரிதா என்று கேட்டேன். தட்டில் இருந்தது அவன்தான். அவனைத் தூக்கிப் போட வைத்தது என் குரல். இதை நீ எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தாயா? அதற்கு நான் நன்றி சொல்லப்போவதில்லை. என் பங்கை எனக்குத் தராமல் நீயே தூக்கிச் சுமந்தது இந்த வருடத்தில் நீ எனக்குச் செய்த இரண்டாவது தவறு.

ஆனால் தெளிவாகக் கேள். அன்று தட்டு மாறியது பிழை. பழைய அறிக்கையை அனுப்பியது பிழை இல்லை, பொய். முதலாவதில் எனக்கும் பங்கு உண்டு. இரண்டாவது முழுக்க உன்னுடையது. நான்கு ஊரில் நாலு பேர் அந்தக் குப்பியைத் திறந்து, இரண்டு நோயாளி என்று நம்பி மருந்து தேடுகிறார்கள். அந்த மருந்துக்காக, கட்டைவிரல் பின்னால் வருகிற எவனோ ஒருவன் எங்கோ ஒரு ஸ்டூலில் காத்திருக்கிறான். அவனுடைய அக்கா அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு இப்போது அழுதுகொண்டிருப்பாள். உன் மூன்று வருடத்துக்காக அவர்களை ஏமாற்ற நான் விடமாட்டேன். அவன் இருந்தாலும் விட்டிருக்கமாட்டான். கணக்குத் தவறினால் அவிழ்த்துவிட்டுத்தான் மறுபடி தொடங்குவான், கடைசிச் சுற்றானாலும்.

என்ன செய்வது என்று தெரியவில்லை என்கிறாய். எனக்குத் தெரியும். எழுதுகிறேன்.

பேராசிரியரிடம் சொல்ல வேண்டியது நீ. கடிதத்தில் இல்லை, நேரில், கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி. ஒன்பதாம் எண் யார் என்பதையும் சேர்த்துச் சொல். செப்டம்பர் பத்துக்கு முன்னால். முன்னால் என்றால் ஒன்பதாம் தேதி இல்லை, இந்தக் கடிதம் கைக்கு வந்த மறுநாள்.

பத்திரிகைக்கு எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியது நீயும் அவரும். அவர் தயங்கினால், நீ மட்டும்.

அந்த நான்கு ஆய்வுக்கூடங்களுக்கு எழுத வேண்டியது நீ. நான்கு தனித்தனிக் கடிதம். ஒரே கடிதத்தை நகல் எடுத்து அனுப்பாதே.

பதினான்காம் எண்காரர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று நமக்குத் தெரியாது. அவருடைய செல்லில்தான் வேலை நடந்தது என்று அவர் வீட்டுக்குத் தெரிய வேண்டும். சொல்ல வேண்டியது மருத்துவமனை. சொல்லச் சொல்லி அவர்களை விடாமல் நச்சரிக்க வேண்டியது நீ.

உன்னை அனுப்பிவிட்டார்கள் என்றாலும், சாவியை ஒப்படைக்கும் நாள்வரை அந்தத் தட்டுகளுக்கு ஊட்ட வேண்டியது நீ. நமக்கு அவர் யாரோ. அதனால் அவர் பட்டினி கிடக்கக் கூடாது.

உன் அம்மாவிடம் சொல்ல வேண்டியது நான். நாளைக் காலை போகிறேன். கொடுத்த சட்டை யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அவள் கேட்டால் திரும்ப வாங்கி வர வேண்டியதும் நான். கேட்கமாட்டாள் என்று நினைக்கிறேன்.

வேலை போனால் வீட்டுக்கு வர வேண்டியது நீ. போகாவிட்டாலும் வர வேண்டியது நீ, ஒரு வாரமாவது. வண்டி வந்து நிற்கும் இடத்தில் காத்திருக்க வேண்டியது நான். முழங்காலைப் பற்றிப் பேசாதே.

அழ வேண்டியது மூன்று பேரும். போன தடவை ஆளுக்கொரு நாளில் அழுதோம். இந்தத் தடவை நீ வந்து சேரும்வரை யாரும் தொடங்கக் கூடாது. உன் அம்மாவிடமும் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அத்தை